வேப் பொட்டுக்கு வீட்டில் லிக்குவிட் நிரப்புவது: கடைக் கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடமேற்கு லண்டனில் ஒரு சந்திக்கடையில் ஒன்பது வருடமாக ரில்லுக்குப் பின்னால் நிற்கிறேன். முன்பு பால், பாண், லொத்தர், சிகரட் என்று இருந்த தட்டுகளில் இப்போது இரண்டு முழுக்க வேப், அதாவது இலத்திரனியல் சிகரட், சாமான். அதை வாங்கிப் போகிறவர்களில் பாதிப்பேர் அடுத்த கிழமை திரும்பி வந்து, "இது ஒழுகுது, பொக்கெற்றெல்லாம் ஈரம்" என்று முறையிடுவார்கள். நம்முடைய ஆட்கள் என்றால் வரிசையில் நிற்கும் வெள்ளைக்காரருக்கு விளங்காத மாதிரித் தமிழில் முறையிடுவார்கள். ஒரே பதிலை எத்தனை தரம் சொல்வது? எழுதிவிட்டேன்.

முதலில் ஒன்று: இது ஆருக்கு?

சிகரட் குடித்து, அதை விடுவதற்காக வேப்புக்கு மாறிய பெரியவர்களுக்கு. இங்கிலாந்தின் அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ். சொல்வதும் அதுதான்: சிகரட்டோடு ஒப்பிட்டால் வேப்பின் தீங்கு குறைவு, ஆனால் தீங்கே இல்லாதது அல்ல, புகைக்காதவர் தொடங்கவே கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்பது குற்றம். அவர்களுக்காகப் பெரியவர் ஒருவர் வாங்கிக் கொடுப்பதும் குற்றம். "மகன் வாகனத்துக்குள்ள இருக்கிறான், அவனுக்குத்தான்" என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேட்ட ஒரு அப்பாவை நான் வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறேன். இன்றைக்கும் அவர் என்னோடு கதைப்பதில்லை.

"தம்பி, முந்தி இழுத்து முடிய எறியிற கலர் வேப் இருந்ததே. அது எங்கே?"

2025 ஜூன் 1 முதல் ஐக்கிய இராச்சியம் முழுவதும் ஒருதரம் பாவித்து எறியும் வேப்பை விற்பது தடை. பற்றரி திரும்பச் சார்ஜ் ஏறவேண்டும், லிக்குவிட் திரும்ப நிரப்பவோ நிரப்பிய பொட்டை மாற்றவோ முடியவேண்டும், கொயிலையோ (சூடேறும் கம்பிச் சுருள்) அது உள்ள பொட்டையோ மாற்ற முடியவேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் தட்டில் வைக்கலாம். அதனால்தான் நேற்றுவரை எறிந்துகொண்டிருந்த மாமாமார் எல்லோரும் இன்று போத்தலும் கையுமாக நிற்கிறார்கள்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

இதை விளங்கிக்கொண்டால் மற்றக் கேள்விகளில் பாதி தேவையில்லை.

பொட் என்பது ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் லிக்குவிட். நடுவில் ஒரு குழாய், குழாயின் அடியில் கொயில். கொயிலைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சு லிக்குவிட்டை உறிஞ்சி வைத்திருக்கும். நீங்கள் இழுக்கும்போது கொயில் சூடாகி, பஞ்சில் உள்ளதை ஆவியாக்கும். அந்த ஆவி குழாய் வழியாக வாய்க்கு வருகிறது.

பஞ்சு ஈரமாக இருக்கிறது, அதற்கு மேலே இரண்டு மில்லிலீற்றர் லிக்குவிட் நிற்கிறது. அப்படியானால் எல்லாம் ஏன் கீழே வடிந்துவிடவில்லை? ரின்பால் ரின்னை நினைத்துப் பாருங்கள். ஒரு துளை மட்டும் போட்டுக் கவிழ்த்தால் பால் வராது. எதிர்ப்பக்கத்தில் இரண்டாவது துளை போட்டு, காற்று உள்ளே போனால்தான் பால் வடியும். பொட்டும் அப்படித்தான். பஞ்சு இருக்கும் இடம் முதல் துளை. நிரப்பும் வாயை மூடும் றப்பர் சரியாக மூடாவிட்டால் அதுதான் இரண்டாவது துளை. ஒழுகுகிறது என்று கொண்டுவரும் பொட்டுகளில் நான் முதலில் பார்ப்பது லிக்குவிட்டை அல்ல, காற்று எங்கால் போகிறது என்பதைத்தான்.

"எந்த லிக்குவிட் வாங்கிறது? ஆயிரம் கிடக்கு."

சுவையை விடுங்கள், அது உங்கள் நாக்கு. பார்க்கவேண்டியது இரண்டு எண்கள்.

முதலாவது, பி.ஜி. - வி.ஜி. விகிதம். பி.ஜி. என்பது புரொபிலீன் கிளைக்கோல், தண்ணீர் மாதிரி ஓடும். வி.ஜி. என்பது தாவரக் கிளிசரின், பாணி மாதிரிக் கட்டியாக இருக்கும். சிகரட் மாதிரி வாய்க்குள் இழுத்துப் பிறகு உள்ளே எடுக்கிற சின்னப் பொட்டுகளுக்கு 50/50 தான் பொருத்தம். அவற்றின் கொயிலின் மின்தடை பெரும்பாலும் 0.8 முதல் 1.2 ஓம் வரை இருக்கும், லிக்குவிட் பஞ்சுக்குள் போகும் பஞ்சுத் துளைகளும் சின்னவை. அதற்குள் 70 வீதம் வி.ஜி. உள்ளதை ஊற்றினால் பஞ்சுக்கு உறிஞ்சி முடியாது, கரிந்துபோகும். மறுபக்கம், பெரிய புகை விடுகிற அகலக் கொயில் கருவிக்குள் ஓடுகிற 50/50ஐ ஊற்றினால் துளையால் நேரே வெளியே வரும்.

இரண்டாவது, நிக்கொட்டின் அளவு. இங்கே சட்டப்படி உச்சம் மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம். நாளுக்கு ஒரு பெட்டி சிகரட் குடித்தவர் 3 மில்லிகிராமில் தொடங்கினால் இரண்டாம் நாள் சிகரட் கேட்டு என்னிடமே வருவார். நான் கண்டிருக்கிறேன். 'சோல்ட்' என்று எழுதியிருந்தால் நிக்கொட்டின் ஒரு அமிலத்தோடு சேர்ந்த வடிவத்தில் இருக்கிறது என்று அர்த்தம். 20 மில்லிகிராமிலும் தொண்டையைக் குத்தாது. அது சின்னப் பொட்டுக்கு மட்டும். பெரிய புகைக் கருவியில் அதைப் போட்டு இழுத்தால் தலை சுற்றும்.

சரி, சிந்தாமல் நிரப்புவது எப்படி?

இடத்திலிருந்து தொடங்குவோம். கட்டிலில் இருந்துகொண்டோ, ஓடுகிற பஸ்ஸிலோ, குசினியில் கறிக்கு உப்புப் போடும் இடத்திலோ வேண்டாம். ஒரு தட்டம், அதன்மேல் இரண்டு மடிப்பு ரிசு (துடைக்கிற மெல்லிய கடதாசி). நல்ல வெளிச்சம், ஏனென்றால் பார்க்கவேண்டிய கோடு மயிர் மாதிரி மெல்லியது.

பொட்டைக் கருவியிலிருந்து கழற்றுங்கள். பெரும்பாலும் காந்தம்தான், இழுத்தால் வரும். கருவியோடு வைத்து நிரப்பினால் சிந்துகிற ஒரு துளியும் நேரே பற்றரித் தொடுகைக்குத்தான் போகும்.

பக்கத்திலோ அடியிலோ ஒரு றப்பர் மூடி இருக்கும். அதை நகத்தால் மெதுவாகக் கிளப்புங்கள், முழுக்கப் பிய்த்து எடுக்கவேண்டாம். சில பொட்டுகளுக்கு வாய்ப்பகுதியைக் கழற்றினால் மேலே துளை இருக்கும். அந்த வகையில் நடுவில் தெரியும் பெரிய ஓட்டை நிரப்புகிற இடம் அல்ல, அது புகை வருகிற குழாய். நான் முதன்முதல் நிரப்பியது அந்தக் குழாய்க்குள்தான். பிறகு பெருமையாக ஒரு இழுவை இழுத்தேன். வாய் முழுக்க லிக்குவிட், நாக்கு எரிவு, அரை மணித்தியாலம் விக்கல். மனைவி இன்றும் சிரிக்கிறா.

இப்போது போத்தல். 2016இல் ஐரோப்பிய ஆணைக்குழு போத்தல் நுனிக்கென்றே ஒரு விதி எழுதியது: நுனி குறைந்தது 9 மில்லிமீற்றர் நீளமாக இருக்கவேண்டும், நிரப்பும் துளைக்குள் இலகுவாக நுழையவேண்டும், கவிழ்த்துப் பிடித்தால் தன்பாட்டில் நிமிடத்துக்கு 20 துளிக்கு மேல் விழக்கூடாது. அதனால் நுனியைத் துளைக்கு மேலே பிடித்துக் குறிபார்த்துச் சொட்டவேண்டியதில்லை. உள்ளே நுழையுங்கள். ஆனால் துளையை இறுக அடைக்கவேண்டாம். பொட்டைக் கொஞ்சம் சரித்து, நுனிக்குப் பக்கத்தில் ஒரு நூலிடைவெளி விடுங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியே வர அதுதான் வழி. காற்றுக்கு வழி இல்லாவிட்டால் நீங்கள் அமத்த அமத்த அது பஞ்சு வழியாக லிக்குவிட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். நிரப்பும்போதே அடியால் வடிகிறது என்பவர்களின் கதை இதுதான்.

போத்தலை மெதுவாக அமத்துங்கள். லிக்குவிட் சுவர் வழியே இறங்கட்டும். குமிழி வந்தால் நிறுத்தி, அடங்கவிட்டுத் தொடருங்கள். உச்சக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள். விளிம்புவரை நிரப்பினால் மூடியை அமத்தும்போது போக இடமில்லாமல் லிக்குவிட் கொயிலுக்குள் ஏறும்.

நுனியை எடுக்கும் முன் போத்தலை நிமிர்த்தி, அமத்தியிருந்த கையை விடுங்கள். நுனியில் தொங்கும் கடைசித் துளியைப் போத்தலே உள்ளே இழுத்துக்கொள்ளும். பலபேர் சிந்துவது இந்தக் கடைசித் துளியைத்தான்.

றப்பர் மூடியை ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்கு விரலால் தடவித் தடவி மூடுங்கள். ஒரே குத்தாகக் குத்தினால் காற்றை உள்ளே அடைத்துவிடுகிறீர்கள். பிறகு பொட்டின் அடியை ரிசுவில் ஒற்றுங்கள். தொடுகை இரண்டும் காய்ந்திருக்கவேண்டும்.

புதுப் பொட், புதுக் கொயில் என்றால் பத்து நிமிடம் நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடியுங்கள். பஞ்சு நனைய நேரம் வேண்டும். பழையது என்றால் இரண்டு நிமிடம் போதும்.

"எல்லாம் சரியாத்தான் செய்தனான். பிறகும் வடியுது, அண்ணை."

வடிகிறதா, வேர்க்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆவி குளிர்ந்து பொட்டுக்கும் கருவிக்கும் இடையில் துளித்துளியாக நிற்பது வழமை. சோற்றுப் பானை மூடியில் நிற்பதுபோல. இரண்டு நாளுக்கு ஒருதரம் துடைத்தால் சரி. பொட்டில் அளவு கண்முன்னால் இறங்குகிறது என்றால்தான் அது ஒழுக்கு.

ஒழுக்கு என்றால், என் அனுபவத்தில் முதல் காரணம் இழுக்கும் விதம். ஊரில் சுருட்டுப் பத்தின ஐயாமார் சொக்கை குழிவிழ இழுப்பார்கள். வேப்பை அப்படி இழுத்தால் ஆவியாவதைவிடக் கூடுதலான லிக்குவிட் குழாய்க்குள் வந்து தேங்கும். பிறகு கறகற என்று சத்தம், வாயில் துளி. மெதுவாக, நீளமாக இழுக்கவேண்டும்.

தேங்கியதை எடுக்க: பொட்டைக் கழற்றி, அடியில் ரிசு வைத்து, வாய்ப்பக்கத்தால் மெதுவாக ஊதுங்கள். மிச்சம் ரிசுவில் வந்துவிடும். உதறுவதும் உதவும், ஆனால் உங்கள் வீட்டுச் சுவரின் நிறத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

அடுத்தது வெப்பம். பொட்டில் லிக்குவிட் குறையக் குறையக் காற்று கூடும். அந்தக் காற்று சூடானால் விரிந்து, மிச்ச லிக்குவிட்டைப் பஞ்சு வழியே தள்ளும். வெயிலில் நின்ற கார், ரேடியேற்றருக்கு மேலே, இறுக்கமான ஜீன்ஸ் பொக்கெற் எல்லாம் ஒன்றுதான். அரைவாசி வெறுமையான பொட்டுத்தான் அதிகம் ஒழுகும், நிறைந்தது குறைவு. கேட்க எதிர்மாறாக இருக்கும்.

மூன்றாவது, வாழ்நாள் முடிந்த பொட். றப்பர் தளர்ந்திருக்கும், பஞ்சு சிதைந்திருக்கும். நான்கு பவுண்ஸ் மிச்சம் பிடிக்க ஒரு மாதம் ஒரே பொட்டை வைத்திருந்துவிட்டு அறுபது பவுண்ஸ் சேர்ட்டைக் கறையாக்கியவர் எனக்குத் தெரியும். அவர் என் மச்சான்.

கரிந்த மணம் வருகிறது. ஏன்?

பஞ்சு காய்ந்து சுட்டுவிட்டது. புதுக் கொயிலை நனையவிடாமல் இழுத்திருப்பீர்கள், அல்லது லிக்குவிட் பஞ்சுத் துளைக்குக் கீழே போன பிறகும் இழுத்திருப்பீர்கள், அல்லது மூச்சுவிடாமல் தொடர்ந்து இழுத்திருப்பீர்கள். ஒருமுறை கரிந்த பஞ்சு திரும்பி வராது. கொயிலை மாற்றவேண்டியதுதான். பொட் கால்வாசிக்கு இறங்கும்போதே நிரப்பிப் பழகினால் இது வராது.

இனிப்பு கூடிய லிக்குவிட்டும் ஒரு காரணம். இனிப்பூட்டி ஆவியாகாமல் கொயிலில் கருகிப் படியும், பனங்கட்டி அடிப்பிடித்த மாதிரி. மாம்பழம், கஸ்ரட் என்று எடுப்பவர்கள் கொயிலை அடிக்கடி மாற்றுவார்கள். புதினா எடுப்பவருக்கு அதே கொயில் இன்னும் ஒரு கிழமை கூட ஓடும்.

"மாரி காலத்தில போத்தல் அமத்த ஏலாமல் இறுகிப்போச்சு."

கிளிசரின் குளிருக்குத் தடிக்கும். தேங்காய் எண்ணெய் மாதிரி உறைந்துபோகாது, ஓட்டம் மட்டும் குறையும். மூடிய போத்தலை ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் விடுங்கள். அல்லது சட்டைப் பையில் வைத்திருங்கள். மைக்ரோவேவில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். இல்லை.

50 மில்லிலீற்றர் பெரிய போத்தல் மலிவாக இருக்கிறதே. அதை வாங்கலாமா?

நிக்கொட்டின் உள்ள லிக்குவிட் 10 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலில் விற்க இங்கே சட்டம் விடாது. பெரிய போத்தலில் இருப்பது நிக்கொட்டின் இல்லாதது. 60 மில்லிலீற்றர் போத்தலில் 50 மட்டும் நிரப்பி, மிச்சத்துக்கு இடம் விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் 10 மில்லிலீற்றர் நிக்கொட்டின் போத்தல் ஒன்றைக் கலக்கவேண்டும். அது 18 மில்லிகிராம் என்றால், பத்தால் பெருக்க 180. அதை 60ஆல் பிரிக்க, மில்லிலீற்றருக்கு 3 மில்லிகிராம். நன்றாகக் குலுக்கி ஒரு இரவு வையுங்கள்.

கணக்கு அழகு. ஆனால் இந்தப் பெரிய போத்தல்கள் பெரும்பாலும் 70 வீதம் வி.ஜி. உள்ளவை. சின்னப் பொட்காரருக்கு நிக்கொட்டின் அளவும் காணாது, கட்டியும் கூட. பெரிய கருவி வைத்திருப்பவர் மட்டும் வாங்குங்கள்.

நிரப்பி விற்கிற, திறக்க முடியாத பொட்டை ஊசியால் கிளப்பி நிரப்பினால் என்ன?

செய்பவர்கள் இருக்கிறார்கள். என் பதில்: வேண்டாம். அந்த மூடி ஒருதரம் இறுகுவதற்காகவே செய்தது. கிளப்பினால் பிறகு காற்றை அடைக்காது. ரின்பால் கதை திரும்பத் தொடங்கும். உள்ளே இருக்கும் பஞ்சும் அந்த ஒரு நிரப்பலுக்குக் கணக்குப் பண்ணி வைத்தது. நிரப்பத்தக்க பொட் அதே விலைக்குக் கிடைக்கும்போது இந்தச் சித்து வேலை எதற்கு? பழைய எறியும் வேப்பை உடைத்து நிரப்புவது இன்னும் மோசம்: உள்ளே லிதியம் பற்றரி இருக்கிறது, ஸ்க்ரூட்றைவர் அதைக் குத்தினால் தீப்பிடிக்கும்.

ஆரம்ப காலத்தில் பஞ்சு அடைத்த கார்ட்ரிட்ஜ் இருந்ததாமே?

இருந்தது. ஹொன் லிக் என்ற சீன மருந்தாளர் 2003இல் உருவாக்கிய இலத்திரனியல் சிகரட்டின் வழிவந்தவை அவை. பற்றரி, சூடாக்கி, கார்ட்ரிட்ஜ் என்று மூன்று துண்டு. கார்ட்ரிட்ஜுக்குள் தலையணைப் பஞ்சு மாதிரி ஒரு செயற்கை நார். அதை நனைத்தால் பத்து இழுவைக்குள் காய்ந்துவிடும். அந்த நாரைப் பிடுங்கிவிட்டு மீன்தொட்டி வடிகட்டி நுரையையும், தேயிலைப் பையின் துணியையும் வைத்துப் பார்த்த ஆட்கள் உண்டு. சூடேறும் இடத்துக்குப் பக்கத்தில் எதையாவது திணித்து அதை மூச்சில் எடுப்பது புத்தியான வேலையல்ல. லாச்சிக்குள் அப்படி ஒன்று கிடந்தால் அப்படியே கிடக்கட்டும்.

லிக்குவிட் கையில் பட்டால்?

சோப்பும் தண்ணீரும், உடனே. நிக்கொட்டின் தோலால் உள்ளே போகும். யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பனியில் நனைந்த பச்சைப் புகையிலையை அணைத்துக்கொண்டு நின்றால் தலைச்சுற்றும் வாந்தியும் வரும். மருத்துவத்தில் அதற்குப் பச்சைப் புகையிலை நோய் என்றே பெயர். அதே பொருள்தான் இந்தச் சின்னப் போத்தலில், வடிகட்டித் தெளிவாக.

இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். 20 மில்லிகிராம், 10 மில்லிலீற்றர் என்றால் ஒரு போத்தலில் 200 மில்லிகிராம் நிக்கொட்டின். ஒரு சிகரட்டிலிருந்து உடலுக்குள் போவது ஒன்று, இரண்டு மில்லிகிராம் அளவில்தான். போத்தலோ பெருவிரல் அளவு, ஸ்ரோபெரிப் படம், இனிப்பு மணம். ஒரு சின்னப் பிள்ளைக்கு அது என்னவாகத் தெரியும்? அமத்தித் திருகும் மூடியை ஒவ்வொரு தரமும் சத்தம் கேட்கும்வரை மூடுங்கள். உயரத்தில், பூட்டி வையுங்கள். நாய் பூனைக்கும் இது நஞ்சு. நனைந்த ரிசுவைத் திறந்த கூடையில் போடாதீர்கள். பிள்ளை குடித்துவிட்டது என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி வருமா என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் என்.எச்.எஸ். ஆலோசனை எண் 111க்கு அடியுங்கள். மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல் என்றால் அவசர எண் 999.

இன்னொன்று, நம் வீடுகளுக்கென்றே. அம்மாமாரின் கண் துளி மருந்தும் இந்தப் போத்தலும் உருவத்தில் அண்ணன் தம்பி. லிக்குவிட் குளிரில் கெடாது என்று யாரோ சொல்லக் கேட்டு, கண் மருந்து இருக்கும் அதே பிறிட்ஜ் தட்டில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணில் மாறி விட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பிறிட்ஜ் தேவையே இல்லை. வெளிச்சம் படாத குளிர்ந்த அலுமாரி போதும். தப்பித்தவறிக் கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவிக்கொண்டே ஒருவரை 111க்கு அடிக்கச் சொல்லுங்கள்.

லிக்குவிட்டுக்குள் வேறு ஏதாவது கலக்கலாமா? கறுவா எண்ணெய், யூக்கலிப்ரஸ்...

கூடாது. எண்ணெய் எதுவும் கூடாது. வயிற்றுக்குள் போவதும் நுரையீரலுக்குள் போவதும் ஒன்றல்ல. 2019இல் அமெரிக்காவில் வேப் பாவித்தவர்கள் திடீரென நுரையீரல் பழுதாகி விழுந்தார்கள். 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தவர்கள் 68 பேர். முக்கிய குற்றவாளி என்று கண்டுபிடிக்கப்பட்டது கள்ளச்சந்தைக் கஞ்சா வேப்புகளில் கலந்த விற்றமின் ஈ அசற்றேற், எண்ணெய்த் தன்மையுள்ள ஒரு பொருள். கடையில் விற்கும் நிக்கொட்டின் லிக்குவிட்டில் இங்கே விற்றமின் சேர்க்கவே தடை. முகவரி இல்லாத ஆள் ஒன்லைனில் விற்கும் போத்தலுக்கு அந்தக் காவல் இல்லை.

"சென்னைக்குக் கலியாணச் சேலை எடுக்கப் போறம். கொண்டுபோகலாமோ?"

கொண்டுபோகவேண்டாம். இந்தியாவில் 2019 முதல் இலத்திரனியல் சிகரட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விற்பனைக்காகச் சேமிப்பது எல்லாம் சட்டத்தால் தடை. சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். நாட்டுக்கு நாடு மாறும். இடையில் இறங்கும் விமான நிலையத்தின் நாட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

தடையில்லாத இடத்துக்குப் பறந்தால்: கருவி கைப்பையில், பெட்டிக்குள் அல்ல, பற்றரி இருப்பதால். லிக்குவிட் மற்றத் திரவங்களோடு. பொட்டை வெறுமையாக்கிக் கொண்டுபோங்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் நிலத்தைவிடக் குறைவு. பொட்டுக்குள் அடைபட்ட காற்று விரிந்து லிக்குவிட்டை வெளியே தள்ளும். வெயிலில் நின்ற காருக்குள் நடந்ததேதான், ஆனால் இம்முறை பாஸ்போட்டுக்கு மேலே.

காசு மிச்சமா?

மிச்சம்தான். இங்கே பொட்டின் சட்ட அளவு 2 மில்லிலீற்றர், எனவே ஒரு 10 மில்லிலீற்றர் போத்தலில் ஐந்து நிரப்பு. நிரப்பி வரும் பொட் ஐந்து வாங்கும் காசையும் ஒரு போத்தலின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கணக்கு விளங்கும். ஆனால் அரசாங்கமும் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டது. 2026 ஒக்ரோபர் 1 முதல் ஒவ்வொரு 10 மில்லிலீற்றருக்கும் 2.20 பவுண்ஸ் வரி என்று அறிவித்திருக்கிறார்கள், நிக்கொட்டின் இல்லாததற்கும் சேர்த்து. அதற்குமுன் பெட்டி பெட்டியாக வாங்கிக் குவிக்கலாமா என்று கேட்கிறார்கள். போத்தலில் திகதி இருக்கிறது. நாட்பட்ட நிக்கொட்டின் காற்றுப்பட்டுக் கபில நிறமாகும், சுவையும் மிளகு மாதிரி ஏறும்.

பழைய பொட்டையும் கருவியையும் எங்கே போடுவது?

வாங்கிய கடையில். வேப் விற்கும் கடை பழையதைத் திரும்ப எடுக்கவேண்டும் என்பது சட்டம். எங்கள் கடையில் பெட்டி லொத்தர் மெசினுக்குக் கீழே இருக்கிறது. கருவியை வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை லொறிக்குள் பற்றரி நசுங்கித் தீப்பிடிக்கலாம்.

"நிக்கொட்டினைக் குறைச்சுக்கொண்டு வரலாமோ?"

வரலாம், நிரப்புகிறவருக்கு இருக்கும் பெரிய வசதியே அதுதான். ஒரே கொம்பனி, ஒரே சுவையில் 20 ஒரு போத்தல், 10 ஒரு போத்தல் வாங்குங்கள். பொட்டில் பாதி அது, பாதி இது என்றால் 15. இரண்டு கிழமை அதிலேயே நில்லுங்கள். பிறகு 10 மட்டும். அதே மாதிரி 10ஐயும் பூச்சியத்தையும் சேர்த்து 5. இழுக்கும் தடவை கூடிக்கொண்டு போனால் கீழே இறங்கியது வேகம் என்று அர்த்தம், ஒரு படி மேலே ஏறி நில்லுங்கள். சிகரட்டுக்குத் திரும்பாமல் இருப்பதுதான் முதல் வேலை. எங்கள் கடைக்கு வரும் ஒரு பெரியப்பா பதினான்கு மாதத்தில் 20இலிருந்து 3க்கு வந்தார். இப்போது பூச்சியத்தில் இருக்கிறார், கருவியை மட்டும் விடமாட்டாராம். கையில் எதையாவது வைத்திருக்கவேணும் தம்பி என்கிறார்.